மேசையை நகர்த்தியவரின் முனைவர் படிப்பு

பள்ளிக்கூடம் நடத்தத் தெரிந்தவர் கையில் பள்ளிக்கூடத்தை விட்டுவைப்பது நல்லதல்ல என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. தோன்றிய கையோடு அதைச் சுற்றறிக்கையாகவும் அடித்துவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது கணக்கு சாருக்குச் சனி.

கணக்கு சார் என்பது அவருடைய பெற்றோர் வைத்த பெயரல்ல. மாணவர்கள் வைத்தார்கள், சக ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டார்கள், இப்போது கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். பழைய தலைமையாசிரியர் ஓய்வுபெற்றுப் போனதிலிருந்து அவர்தான் பள்ளியின் பொறுப்புத் தலைமையாசிரியர். அதாவது வேலை எல்லாம் அவருக்கு, நாற்காலி மட்டும் யாருக்கும் இல்லை. காலையில் வாசல் கதவைத் திறப்பார். வராத ஆசிரியருக்குப் பதில் ஆள் போடுவார். கழிப்பறைக் குழாய்க்கு ஆள் பிடிப்பார். தன் பிள்ளைக்கு மதிப்பெண் போதவில்லை என்று சண்டைக்கு வரும் அப்பாக்களைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார். இத்தனைக்கும் நடுவில் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்கணிதமும் எடுப்பார்.

அந்த நாற்காலிமேல் அவருக்கு ஆசையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறையவே இருந்தது. வாசல் பலகையில் பழையவர் பெயருக்குக் கீழே காலியாக இருந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம், தன் பெயரில் எத்தனை எழுத்து, இடம் காணுமா என்று மனதுக்குள் அளந்துகொண்டுதான் போவார். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

தாளாளர் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இனிமேல் தலைமையாசிரியர் ஆக வேண்டுமென்றால் கல்வித் தலைமைத்துவத்தில் முனைவர் பட்டம் வேண்டும், குறைந்தபட்சம் அந்தப் படிப்பில் சேர்ந்தாவது இருக்க வேண்டும். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டால் நாற்காலி கணக்கு சாருக்கு. வராவிட்டால் தாளாளரின் மருமகனுக்கு. மருமகன் ஏற்கெனவே அந்தப் பட்டத்தை வாங்கி வைத்திருந்தார். அதற்கு முன்னால் குளிர்சாதனப் பெட்டி விற்றுக்கொண்டிருந்தார். வகுப்பறைக்குள் அவர் கடைசியாகக் காலெடுத்து வைத்தது, தான் படிக்கிற காலத்தில்.

"எனக்கும் மனசே இல்ல சார். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே" என்றார் தாளாளர். மனசில்லாத முகம் அப்படிப் பூரித்து இருந்து கணக்கு சார் பார்த்ததில்லை.

வேறு வழியில்லாமல் விண்ணப்பித்தார். முதலில் ஒரு கட்டுரை கேட்டார்கள். 'என் தலைமைத்துவப் பயணம்' என்று தலைப்பும் அவர்களே கொடுத்திருந்தார்கள். பல வருடமாகப் பாடம் நடத்துகிறேன், பள்ளியையும் பார்த்துக்கொள்கிறேன், இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று கணக்கு சார் அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பினார். அது போன வேகத்தில் திரும்பி வந்தது. சேர்க்கை ஆலோசகர் என்று ஒரு அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டு, கட்டுரையில் தோல்வியே இல்லையே என்று வருத்தப்பட்டார். தலைவர் என்றால் ஒருமுறையாவது நொறுங்கியிருக்க வேண்டுமாம். நொறுங்கி, அழுது, அந்த இடிபாட்டிலிருந்து எழுந்து வந்திருக்க வேண்டுமாம். ஒழுங்காக வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் துறையில் எதிர்காலம் இல்லை என்பதை நாசூக்காகச் சொல்லி வைத்துவிட்டார்.

கணக்கு சார் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு நொறுங்கல் அகப்படவில்லை. மனைவி மருத்துவமனையில் செவிலி. பகல் முழுக்க நிஜமாகவே நொறுங்கியவர்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவளுக்கு இதில் பெரிய இரக்கம் வரவில்லை. போன வாரம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியில் தூங்கிப் போனாரே, அதை எழுதச் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் எழுதிவிட்டார். பால் பொங்கியது, அடுப்பு அணைந்தது, எரிவாயு வாடை வந்தது, தான் விழித்தது, அந்த விழிப்பு வெறும் விழிப்பல்ல என்பது வரை எழுதினார். 'பொங்கி வழிந்த பாத்திரம்: ஒரு தலைவனின் விழிப்பு' என்று தலைப்பு வைத்தார். அதைப் படித்துவிட்டு ஆலோசகர் தொலைபேசியில் மூக்கை உறிஞ்சினார். இந்த வருடம் வந்ததிலேயே இதுதான் சிறந்த கட்டுரை என்று சொல்லிவிட்டார்.

அடுத்தது பரிந்துரைகள். மேலதிகாரி ஒருவர், உடன் வேலை பார்ப்பவர் ஒருவர், 'தங்களைத் தாமாக முன்வந்து பின்தொடர்ந்த ஒருவர்' என்று மூன்று பேர் வேண்டும். முதல் இரண்டும் கிடைத்தன. மூன்றாவதற்குத்தான் ஆள் இல்லை. ஆசிரியர்கள் அறையில் கேட்டுப் பார்த்தார். அவர் பின்னால் போனதாக ஒப்புக்கொள்ள அங்கே ஒருவரும் தயாராக இல்லை. மனைவியிடம் கேட்டார்.

"நான் எப்பங்க உங்க பின்னாடி வந்தேன்? கூடத்தானே வந்தேன்" என்றாள் அவள்.

அதற்கு மேல் அவளை வற்புறுத்த முடியவில்லை. கடைசியில், கல்யாணமான நாளிலிருந்து அவரைத் தெருத் தெருவாகத் துரத்தி வரும் ஆயுள் காப்பீட்டு முகவர் நினைவுக்கு வந்தார். அவர் உற்சாகமாக எழுதிக் கொடுத்தார். மழை, வெயில் பாராமல் இவரைப் பின்தொடர்ந்திருக்கிறேன், இவர் எந்தச் சந்தில் திரும்புவார் என்பதுகூட எனக்கு மனப்பாடம், இனியும் பின்தொடர்வேன் என்று உறுதி கூறியிருந்தார். இவ்வளவு விசுவாசமான தொண்டரைக் கண்டதில்லை என்று துறையிலிருந்து பாராட்டி எழுதியிருந்தார்கள்.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. துறை இருந்தது ஒரு கண்ணாடிக் கட்டடத்தில். நடையின் இரண்டு பக்கமும் அறைகள், ஒவ்வொரு கதவிலும் ஒரு பலகை. துறைத் தலைவர், துணைத் தலைவர், இணைத் தலைவர், வருகைதரு தலைவர், முன்னாள் தலைவர், தலைவர்களின் ஒருங்கிணைப்புத் தலைவர். தலைவராக இல்லாத ஒருவர்கூட அந்தக் கட்டடத்தில் கண்ணில் படவில்லை. குடிக்கத் தண்ணீர் எங்கே என்று கணக்கு சார் கேட்டதற்கு, அதற்குத் தனிக் குழு அமைத்திருப்பதாகப் பதில் வந்தது.

விண்ணப்பதாரர்களை ஓர் அறைக்குள் விட்டார்கள். பெரிய பள்ளி முதல்வர்கள் சிலர், பணியில் இருக்கும் கல்வி அதிகாரி ஒருவர், வருடா வருடம் விண்ணப்பித்து அலுத்துப்போகாத ஒரு தலைமையாசிரியை, மழலையர் பள்ளி நடத்தும் ஒரு குண்டு அம்மாள், கணக்கு சார். அறை நடுவில் ஒரு மர மேசை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேராசிரியர்கள் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். இந்த மேசை அடுத்த அறைக்குப் போக வேண்டும், உங்கள் தலைமைத்துவத்தை வெளிப்படுத்துங்கள் என்று ஒலிபெருக்கியில் துறைத் தலைவர் சொன்னார்.

உடனே எல்லாரும் தலைமை தாங்க ஆரம்பித்தார்கள். முதல்வர் ஒருவர் பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் 'கனவு' என்று எழுதினார். இன்னொரு முதல்வர் அந்த வட்டத்துக்கு வெளியே ஒரு வட்டம் போட்டார். 'அடுத்த அறை' என்று நாம் சொல்கிறோமே, எதற்கு அடுத்தது, யார் பார்வையில் அடுத்தது என்று கல்வி அதிகாரி கேட்டார். அந்தக் கேள்விக்கே கண்ணாடிக்குப் பின்னால் பேனாக்கள் பரபரத்தன. அனுபவசாலித் தலைமையாசிரியை மேசையின் பக்கம் திரும்பவே இல்லை, ஜன்னலைப் பார்த்தபடி, நகர வேண்டியது மேசையா நாமா என்று மெல்லிய குரலில் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மேசைக்கு இதில் சம்மதமா என்பதை ஆராய ஒரு துணைக்குழு போடலாம் என்று தீர்மானம் வந்தது. துணைக்குழுவுக்கு யார் தலைவர் என்பதில் சண்டை வந்தது.

கணக்கு சாருக்கு மதியம் பள்ளியில் வினாத்தாள் பிரிக்க வேண்டிய வேலை இருந்தது. மழலையர் பள்ளி அம்மாளுக்குக் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்புகிற நேரம் நெருங்கியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் பிடியுங்கள் என்று அவர் சைகை காட்டினார். அந்த அம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பிடித்தார். நேராகக் கதவில் நுழையவில்லை, ஒருக்களித்துச் சாய்த்தார்கள், நுழைந்தது. அடுத்த அறையில் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்தார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பேனாகூட ஓடவில்லை. இணைத் தலைவர் மட்டும் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார்.

துறைத் தலைவர் கணக்கு சாரைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். மழலையர் பள்ளி அம்மாளையும் கூப்பிட்டார்கள்; அவர் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார். துறைத் தலைவர், வீட்டில் துக்கம் நடந்தவர் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"சார், நீங்க என்ன பண்ணிட்டீங்கன்னு உங்களுக்குத் தெரியல. அந்த மேசை நான் இங்க மாணவனா இருந்தப்பவே அங்க இருந்தது. அதை ஏன் நகர்த்த முடியலைங்கிறதுதான் என்னோட முனைவர் பட்டம். நகராத மேசை முன்னாடி ஒரு தலைவர் எப்படி மனசு தளராம நிக்கிறார்ங்கிறது துணைத் தலைவரோட பட்டம். அவர் நிக்கிறதை மத்தவங்க எப்படிப் பாக்கிறாங்கங்கிறது இணைத் தலைவரோடது. வெளிநாட்டுலகூட போய்ப் பேசியிருக்கோம், அங்கயும் நகர்த்த முடியாதுன்னு ஒத்துக்கிட்டாங்க. இத்தனை வருஷமா இந்த அறைக்குள்ள எத்தனையோ பேர் வந்திருக்காங்க. ஒருத்தரும் அதைத் தொட்டதில்ல. தொடணும்னு தோணினதுகூட இல்ல. ஏன்னா அவங்கல்லாம் தலைவர்கள்."

சாய்த்தால் வந்துவிடும் என்று தோன்றியது, அதனால் தூக்கிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார் கணக்கு சார்.

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒரு தலைவருக்கு அப்படித் தோணக் கூடாது" என்றார் துறைத் தலைவர்.

அடுத்த குழு வெளியே காத்திருந்தது. மேசை இல்லாமல் தேர்வு நடத்த முடியாது. ஆகவே தலைவர்கள் எல்லாரும் அடுத்த அறையில் மேசையைச் சுற்றி நின்றார்கள். முன்னாள் தலைவர் ஆய்வு நோக்கில் அதன் காலைக் குனிந்து பார்த்தார். மீட்புக் குழு ஒன்று அமைந்தது, அதற்கு ஒரு தலைவரும் அமைந்தார். மேசை இருந்த இடத்திலேயே இருந்தது. கணக்கு சார் கதவோரத்தில் நின்று பார்த்தார், பொறுக்க முடியவில்லை. அந்த ஒருங்கிணைப்புத் தலைவரை மறுபக்கம் பிடிக்கச் சொல்லி, இடதுகாலை முன்னால் வைக்கச் சொல்லி, விரல் நசுங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, மேசையைப் பழைய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒருங்கிணைப்புத் தலைவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக வியர்த்தது. அவர் அதை நோய் என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது துறைக்கு முன்னால் ஒரு சிக்கல். மேசை நகரும் என்று தெரிந்த ஒருவரை வெளியே விட்டால், அவர் வாயைத் திறந்தால், இத்தனை பட்டங்களின் கதி என்ன? உள்ளே வைத்துக்கொள்வதே பத்திரம் என்று முடிவாயிற்று. அந்த மாலையே கணக்கு சாருக்குச் சேர்க்கைக் கடிதம் கிடைத்தது.

அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. தாளாளர் பூரிப்பு வடிந்த முகத்தோடு கடிதத்தை வாங்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்த்தார், பிறகு வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். வாசல் பலகையில் பெயர் ஏறியது. எழுத்துகளுக்கு இடம் தாராளமாகவே இருந்தது. மருத்துவமனைக்குப் போகிற வழியில் மனைவி வேண்டுமென்றே பள்ளி இருக்கும் தெரு வழியாகச் சுற்றிப் போய், பேருந்து ஜன்னலிலிருந்து அதை எட்டிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் பெயிண்ட் கொஞ்சம் ஒழுகியிருக்கிறது என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது.

பள்ளி திறக்கிற நாளில்தான் துறையிலிருந்து அடுத்த தகவல் வந்தது. தலைமைத்துவத்தைப் படிக்கிறவர் தலைமை தாங்கிக்கொண்டும் இருந்தால் படிப்பதற்கு நேரம் ஏது என்று துறைத் தலைவர் கேட்டிருந்தார். ஆகவே படிப்பு முடியும் வரை அவர் பணியிலிருந்து விலகியிருக்க வேண்டும். பெயர் பலகையில் இருக்கலாம், ஆள் பள்ளியில் இருக்கக் கூடாது. அதுவரை பள்ளியை யாராவது பொறுப்பில் பார்த்துக்கொள்ளட்டும். தாளாளர் யாரைப் பொறுப்பில் போட்டார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வுத் தலைப்பையும் துறையே முடிவு செய்துவிட்டது. 'தலைமையாசிரியர் இல்லாத பள்ளியின் இயக்கம்: ஒரு நேரடி அவதானிப்பு.' அப்படிப்பட்ட பள்ளிக்கு எங்கே போவது என்று கணக்கு சார் கவலைப்படவே தேவையில்லாமல் போயிற்று. அவருடைய பள்ளியே இப்போது அப்படித்தான் இருந்தது. ஒரே ஒரு விதியை மட்டும் துறைத் தலைவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பார்க்கலாம், எழுதலாம், குறுக்கிடக் கூடாது. "நீங்க அங்க இல்லைன்னு நினைச்சுக்கோங்க சார். ஒரு தடவை குறுக்கிட்டாலும் ஆய்வு செல்லாது" என்றார். ஆய்வு செல்லாது என்றால் சேர்க்கை செல்லாது, சேர்க்கை செல்லாது என்றால் பலகையில் இருக்கும் பெயர் செல்லாது. இவ்வளவு தெளிவான சமன்பாட்டைக் கணக்கு சாரே அதுவரை எழுதியதில்லை.

இப்படியாக அவர் தன் பள்ளிக்குள் பார்வையாளர் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு நுழைந்தார். மருமகன் மரியாதையாகத்தான் வரவேற்றார். ஆசிரியர்களை எல்லாம் அரங்கில் உட்கார வைத்துத் தொலைநோக்கு வாரம் நடத்திக்கொண்டிருப்பதாகவும், வகுப்புகள் தங்களைத் தாங்களே வழிநடத்திக்கொள்ளும் என்றும் பெருமையாகச் சொன்னார். அதனால் எந்த வகுப்பில் வேண்டுமானாலும் உட்காரலாம். கணக்கு சாரின் கால்கள் ஒன்பதாம் வகுப்புக்குத்தான் போயின. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார்.

அவரைக் கண்டதும் வகுப்பே எழுந்து நின்று வணக்கம் சொன்னது. பதில் வணக்கமும் குறுக்கீடுதானே, அவர் சொல்லவில்லை. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதல் வரிசையிலிருந்த ஒரு பெண், வகுப்புத் தலைவி, எழுந்து அவரிடம் வந்தாள்.

"சார், கணக்கு எடுக்க யாரும் இல்ல. நீங்களே எடுங்களேன்."

"நான் இங்க இல்லம்மா" என்றார் கணக்கு சார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். ஆசிரியர்கள் இதைவிட விசித்திரமாகப் பேசியும் கேட்டிருப்பாள்போல. சரி சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். போனவள் தன் இடத்தில் உட்காரவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தாள்.

3(x − 2) − 2(x − 5) = 7.

'மாணவி தானாக முன்வந்து வகுப்பை ஏற்கிறாள்' என்று கணக்கு சார் குறிப்பெடுத்தார். நல்ல குறிப்பு. துறைத் தலைவருக்கு மிகவும் பிடிக்கும். அடுத்த வரியை அவள் எழுதினாள். முதல் அடைப்புக்குறியைச் சரியாகப் பிரித்தாள். இரண்டாவதைப் பிரிக்கும்போது மைனஸையும் மைனஸையும் பெருக்கி, மைனஸ் பத்து என்று போட்டாள்.

கணக்கு சாரின் பேனா நின்றது. அவள் மேலே மேலே எழுதிக்கொண்டே போய், x = 23 என்று முடித்து, அடியில் இரண்டு கோடும் இழுத்தாள். வகுப்பு முழுவதும் அதை நோட்டில் எழுதியது. பிறகு அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். சரிதானா என்று வாய் திறந்து கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அவர் மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

அந்தப் பலகைப் பெயரை எவ்வளவு காலம் ஆசைப்பட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும். பேருந்து ஜன்னலில் மனைவி எட்டிப் பார்த்ததை நினைத்தார். மருமகனை நினைத்தார். மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், அப்புறம் எல்லா மைனஸையும் சரி செய்துகொள்ளலாம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். ஏறக்குறைய தேறியும்விட்டார். அதற்குள் அவள் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த கணக்கை எழுதினாள். அதிலும் அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு மைனஸ், உள்ளே ஒரு மைனஸ். மறுபடியும் மைனஸ் என்றே போட்டாள். நாற்பது நோட்டுகளும் அதை நம்பின.

அவர் எப்போது எழுந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. கொள்கைக்காக எழுந்தார், தியாகத்துக்காக எழுந்தார் என்றெல்லாம் சொன்னால் அது பொய். அந்த மைனஸைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். போய் அவள் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, அந்தக் குறியின் குறுக்கே செங்குத்தாக ஒரு கோடு போட்டார்.

"மைனஸும் மைனஸும் பெருக்கினா என்ன வரும்?"

பிளஸ் என்று வகுப்பு கத்திய கத்தலில் அரங்கில் இருந்த தொலைநோக்கே கலைந்திருக்க வேண்டும். மருமகன் வாசலில் வந்து நின்றார், கையில் கைபேசி. பலகையையும் சாரையும் சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டு, இது குறுக்கீடு, துறைக்குத் தெரிவிக்க வேண்டியது என் கடமை என்று வருத்தத்தோடு சொன்னார். மாமனாரிடமிருந்து கற்றுக்கொண்ட வருத்தம்.

"தெரிவிச்சுடுங்க. கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க, பின்வரிசைக்குப் பலகை தெரியல" என்றார் கணக்கு சார்.

சேர்க்கை ரத்தானது. ஆய்வாளர் களத்தில் காணப்பட்டதால் என்று காரணம் எழுதியிருந்தார்கள். வாசல் பலகையில் அவர் பெயரைச் சுரண்டிவிட்டு மருமகன் பெயரை எழுதினார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். வலிக்கவில்லை என்று வீறாப்பாகச் சொல்லிக்கொள்ள முயன்றார், முடியவில்லை. மனைவி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தட்டை அவர் முன்னால் தள்ளி வைத்துவிட்டு, எந்த மைனஸ் என்று மட்டும் கேட்டாள். அவர் சொன்னார். அதை எப்படி விட முடியும் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் காலை அவர் வெறும் கணக்கு வாத்தியாராக ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தார். பிள்ளைகள் எழுந்திருப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றார்கள். முதல் வரிசைப் பெண்தான் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், இன்னைக்கு நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றார் அவர். "வணக்கம். எல்லாரும் உட்காருங்க."